ஒரெஸ்ட் தூக்காத பை

கார்வெல் ஊரின் ஐஸ் ஹாக்கி அணி மேலாளர் ஒரெஸ்ட் கொவால் பதினான்கு வருஷத்தில் இருபத்து மூன்று ஆட்டக்காரர்களை ஊர்விட்டு ஊர் மாற்றி அனுப்பியவர். அந்த இருபத்து மூன்று பேரின் பையையும் தன் தோளிலேயே சுமந்து போய்க் காரில் வைத்தவர். ஹாக்கிப் பை என்றால் சாதாரணப் பை இல்லை. உள்ளே ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிறதோ என்று தோன்றும். நாற்றமும் ஏறக்குறைய அப்படித்தான். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் இரண்டும் முனகிக்கொண்டிருக்க, அதை அவர் ஏன் தூக்க வேண்டும் என்று கார்வெல்லில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

பத்தொன்பது வயதில் ஒரெஸ்ட் கனடாவின் மனிடோபாவில் ஓர் அணிக்குத் தற்காப்பு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஜனவரி மாதம் பயிற்சிக்குப் போனால், உடை மாற்றும் அறையில் அவர் கொக்கிக்கு மேலே வேறொருவன் பெயர் ஒட்டியிருந்தது. ஸ்கேட் தீட்டுகிற ஆள் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "அட, உன்கிட்ட யாரும் சொல்லலையா? உன்ன மாத்திட்டாங்கப்பா," என்றான். பயிற்சியாளர் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வரவே இல்லை. ஒரெஸ்ட் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கும் இடம் வரை இரண்டு கிலோமீட்டர் பனியில் நடந்தார். மாற்றியதில் அவருக்கு வருத்தம் கிடையாது, அது ஆட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த ரொட்டி மெல்லும் சத்தத்தை அவரால் மறக்க முடிந்ததில்லை.

பிறகு கார்வெல்லுக்குத் திரும்பினார், டயர் கடை வைத்தார், மார்லீனைக் கட்டினார். ஊர் அணிக்கு மேலாளர் தேவைப்பட்டபோது, சம்பளம் இல்லாத அந்தப் பதவிக்கு வேறு யாரும் கை தூக்காததால் அவர் தலையில் வந்து விடிந்தது. முதல் கூட்டத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்: "என் பையன் எவனா இருந்தாலும், மாத்தறதா இருந்தா, முதல்ல என் வாயால கேப்பான். அப்புறம்தான் ஊருக்குத் தெரியும்." சொன்னபடியே நடந்தும் காட்டினார். ஒருமுறை கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு மருத்துவமனையில் கிடந்த ஒருவனுக்குச் செய்தி சொல்லப் பனிப்புயலில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினார். பையன் வாய் நிறையப் பஞ்சோடு 'ம்ம்' என்றான். ஒரெஸ்ட்டும் 'ம்ம்' என்றார். பையைத் தூக்கிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு தப்புச் செய்தார். தன் அணியின் நட்சத்திரத்தைத் தன் வீட்டிலேயே குடிவைத்துக்கொண்டார்.

வெளியூர்ப் பையன்கள் அணிக்கு ஆட வந்தால் ஊரில் யாராவது ஒரு குடும்பம் அறை கொடுத்துச் சோறு போடும். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். மேலாளர் வீட்டில் மட்டும் யாரையும் வைப்பதில்லை, ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நட்சத்திரம் ரீஸ் ஆடெட் தங்க வேண்டிய வீட்டில் செப்டம்பரில், வீட்டைச் சூடாக்கும் சூட்டடுப்பு வெடித்துவிட்டது. "ரெண்டே வாரம், நம்ம மாடி அறை சும்மாத்தான கிடக்கு," என்றார் மார்லீன். இரண்டு வாரம் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் தினமும் காலை பத்து மணிக்குக் கூடும் கிழவர்களில் லாயிட் வாயாடி. அன்றைக்கே சொன்னார்: "டேய் ஒரெஸ்ட், கசாப்புக்கு வளக்கிற கன்னுக்குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு உங்கப்பன் உனக்குச் சொல்லித் தரலையா?"

"அவன் கன்னுக்குட்டி இல்ல லாயிட். நாப்பது கோல் அடிக்கிறவன்."

"அதத்தான்டா நானும் சொல்றேன். கொழுத்த கன்னு."

ரீஸ் நாற்பது இல்லை, நாற்பத்தொரு கோல் அடித்தான். அவன் பனியில் இறங்கினால் அரங்கத்தில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றுபோகும். வீட்டிலோ, மாவு பிசையும் பாத்திரம் நிறையச் சோள அவலைப் போட்டுப் பாலை ஊற்றிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான். சொல்லாமலேயே வாசல் பனியை அள்ளுவான். மார்லீனோடு சீட்டாடித் தோற்றுப் பாத்திரம் கழுவுவான். வேண்டுமென்றே தோற்கிறானோ என்று ஒரெஸ்ட்டுக்குச் சந்தேகம். கொவால் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி இருபது வருஷம் ஆகியிருக்கும்.

ஆனால் தனி மரம் தோப்பாகாது. அணியின் கோல்களில் பாதி அவனுடையது என்றால், மற்ற பதினெட்டுப் பேரும் சேர்ந்து அடித்தது மீதிப் பாதி. எதிரணிகள் இதைக் கணக்குப் போட்டுவிட்டன. அவன் மேல் இரண்டு பேரை ஒட்டவைத்தால் போதும், கார்வெல் மூச்சுத் திணறிவிடும். ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் பகுதியில் மாற்றி இறக்கத் தெம்புள்ள ஆள் கிடையாது. போன வசந்தத்தில் கோப்பைக்கான சுற்றில் நான்கே ஆட்டத்தில் வெளியே துரத்தப்பட்டார்கள். நான்காவது ஆட்டத்தில் எவனோ ஒரு மலைமாடு ரீஸைப் பக்கவாட்டுப் பலகையில் அறைந்து தோள் எலும்பை உடைத்தான். எழுந்து போய் 'என்னடா' என்று கேட்க கார்வெல் பெஞ்சில் ஒருவன் இல்லை. இருந்தவர்களெல்லாம் எழுபது கிலோ. ஒரெஸ்ட் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீஸை மாற்றும் எண்ணம் அன்றைக்கே அவர் மனதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜனவரி பத்தாம் தேதியோடு ஆள் மாற்றும் கெடு முடியும். டிசம்பர் கடைசியில் ஹார்மன் அணியின் மேலாளர் டக் தொலைபேசியில் வந்தார். ரீஸுக்குப் பதில் மூன்று பேர்: ஆறடி நாலங்குலத்தில் கோல்பி என்கிற தற்காப்பு ஆட்டக்காரன், மூலையில் முட்டி மோதிப் பக் என்கிற ரப்பர் வட்டை மீட்டு வருகிற ஒரு முன்வரிசைக்காரன், ஓர் உருப்படியான இரண்டாவது கோல்காப்பாளன். ஒருவனும் நட்சத்திரம் இல்லை. மூவரும் முதுகெலும்பு உள்ளவர்கள். பயிற்சியாளர் கிரெய்க் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"இத விட்டா நமக்கு இந்த வருஷமும் நாலே ஆட்டம்தான் ஒரெஸ்ட். ரீஸுக்கும் நல்லது. ஹார்மன்ல அவனச் சுத்தி ஆள் இருக்கு, பெரிய லீக்காரங்க அங்கதான் வந்து பாக்கறாங்க. இங்க இருந்தா இன்னொரு எலும்பு உடையும், அவ்வளவுதான்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"யோசிக்கணும்."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வாரம் சும்மா தள்ளிப்போட்டார். ஆறாம் தேதி மதியம் ஒரு மணிக்கு, டயர் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சரி என்று சொன்னார். கதவைச் சாத்தியது அவருக்கே உறைத்தது.

"ஒரு விஷயம்," என்றார் டக். "என் பசங்க வெளியூர்ல ராத்திரி ஆட்டம் முடிஞ்சு விடியக்காலைலதான் பஸ்ல வந்து சேருவாங்க. காலைலதான் அவங்ககிட்டச் சொல்லப் போறேன். அதுவரைக்கும் நீயும் வாயத் திறக்காத."

மற்ற நாளாக இருந்தால் ஒரெஸ்ட் முடியாது என்றிருப்பார். முன்பு இரண்டு மேலாளர்களிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அன்று ஜனவரி ஆறு. பழைய நாள்காட்டிப்படி உக்ரேனியக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. மார்லீன் மூன்று நாளாகச் சமைத்துக்கொண்டிருந்தார். இறைச்சி இல்லாமல் பன்னிரண்டு வகை, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்கார வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பையனின் வாயில் மண்ணைப் போடுவதா? நிம்மதியாக ஒருவேளை சாப்பிடட்டும், காலையில் சொல்லிக்கொள்ளலாம். ஒரெஸ்ட் தனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். மார்லீனிடமும் மூச்சுவிடவில்லை. மார்லீனுக்கு மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாது.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு டிகிரி குளிர். ரீஸ் ஜன்னலில் நெற்றியை ஒட்டி நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தான். போன வருஷம் தேடியவனும் அவன்தான், அதனால் அது அவன் வேலை ஆகிவிட்டது.

"தெரியுதா கண்ணு?" என்றார் மார்லீன்.

"தெரியுது. இல்லன்னா ஏரோப்ளேனா இருக்கும்."

"ஏரோப்ளேன் போதும். முட்டைக்கோஸ் ஆறிடும், வா."

மேசையில் நான்கு தட்டுகள். நான்காவது, வர முடியாமல் போனவர்களுக்கு. செத்தவர்கள், தூரத்தில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும் சரி. தேனும் கசகசாவும் கலந்த வேகவைத்த கோதுமைதான் முதல் பதார்த்தம். அதில் முதல் கரண்டியை வீட்டில் ஒருவர் கூரையை நோக்கி வீச வேண்டும். ஒட்டிக்கொண்டால் அந்த வருஷம் விளையும். மார்லீனின் அப்பா வீசுவார், பிறகு ஒரெஸ்ட் வீசினார், அவருக்கு ஒருநாளும் ஒட்டியதில்லை. கரண்டியை ரீஸிடம் நீட்டினார்.

"நீயே அடி. கோல் அடிக்கிற கைதான."

ரீஸ் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு மணிக்கட்டை லேசாகச் சுண்டினான். பத்துப் பன்னிரண்டு மணிகள் விளக்குக்குப் பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டன. மார்லீன் கை தட்டினார்.

"பாத்தியா! இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்! அடுத்த வருஷம் நீ பெரிய லீக்குக்குப் போயிடுவ. அப்போ இந்த நாலாவது தட்டு உனக்குத்தான் ராசா, சொல்லிட்டேன்."

ரீஸ் சிரித்தான். ஒரெஸ்ட் பீட்ரூட் சாற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சாப்பிட்டார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ பதார்த்தத்தில் ரீஸ் கேட்டான்: "வெள்ளிக்கிழமை ஆட்டத்துல நான் யாரோட ஆடறேன், ஒரெஸ்ட்?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலவா?"

"ஆமாப்பா. மீன எடுத்துக்க."

எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு வகையிலும் ஒன்று விடாமல் சாப்பிட்டான். பாத்திரம் கழுவினான். பிறகு காலணி மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். "வாசல்ல கொஞ்சம் பனி அள்ளிட்டு வரேன். நீங்களும் வரீங்களா?"

"இந்தக் குளிர்லயா? நாளைக்குப் பாத்துக்கலாம் விடு."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

ரீஸ் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், கைப்பிடியைப் பிடித்தபடி. அப்புறம் வெளியே போய் வாசலை அள்ளினான். நன்றாகவே அள்ளினான். ஓரம்கூடக் கத்தி வைத்து வெட்டியது போல நேராக இருந்தது.

காலை ஆறு மணிக்கே ஒரெஸ்ட் காப்பி போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். இருபத்து மூன்று முறை சொன்ன வார்த்தைகள்தான். மார்லீன் அப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு மாடிப்படியில் தட் தட் என்று சத்தம். ரீஸ் இறங்கி வந்தான். ஒரு தோளில் ஹாக்கிப் பை, மறு கையில் துணிப் பெட்டி. அக்குளில் படுக்கை விரிப்பு, நாலாக மடித்து.

"ரீஸ்," என்றார் ஒரெஸ்ட். "உக்காரு. உன்கிட்ட ஒண்ணு—"

"தெரியும். ஹார்மன்."

மார்லீனின் கரண்டி நின்றது. "என்னது ஹார்மன்?"

மார்லீன் அவன் தோளிலிருந்த பையைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார் ஒரெஸ்ட்.

"நேத்து நாலு மணிக்கு. சின்ன வயசுல என்கூட ஆடின ஒருத்தன் அந்த டீம்ல இருக்கான். பஸ்ல அவங்க கோச் போன்ல பேசினது காதுல விழுந்துச்சாம், 'வாடா'ன்னு செய்தி அனுப்பினான்."

நாலு மணி. ஐந்து மணிக்கு நட்சத்திரம். ஒரெஸ்ட் அந்த மாலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்த்தது, வெள்ளிக்கிழமை ஆட்டத்தைக் கேட்டது, கதவருகே நின்றது. பையன் மூன்று தடவை வாசலைத் திறந்துவிட்டிருக்கிறான். மூன்று தடவையும் இவர்தான் சாத்தினார்.

"நீயாச்சும் கேட்டிருக்கலாமேடா," என்றார், அது அநியாயம் என்று தெரிந்தே.

"நீங்க சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன். நீங்கதான் சொல்லுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஒரெஸ்ட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாத்தினது சரிதான், ஒரெஸ்ட். உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். நமக்குப் பெரிய ஆளுங்க வேணும். உங்களுக்கு, அதாவது."

அந்தத் திருத்தம் மார்லீனை அழவைத்தது. கையெல்லாம் மாவோடு அவனைக் கட்டிக்கொண்டார். அவன் அவர் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தான். கோதுமை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரெஸ்ட் எழுந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்யப் போனார். பையின் வாரில் கை வைத்தார்.

"வேணாம்," என்றான் ரீஸ். "நானே தூக்கிக்கறேன்."

"ரீஸ்."

"பரவால்ல. கனமில்ல."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு, நேற்றுத் தானே அள்ளிவைத்த வாசலில் தன் காருக்கு நடந்து போனான். ஒரெஸ்ட் காலுறையோடு கதவருகே நின்றார். அவருக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ரொட்டிச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை மென்றது அவர்தான்.

கார் போன பிறகு மார்லீன் சொன்னது ஒன்றே ஒன்று. "என்கிட்டயும் மறைச்சு அவனுக்குச் சோறு போட வச்சுட்ட."

பத்து மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. டயர் கடைக்கு நாலு பேர் வந்தார்கள், ஒருவருக்கும் டயர் வேண்டியிருக்கவில்லை. காப்பி மேசைக்குப் போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று போனார்.

"நாப்பத்தொரு கோலக் கொடுத்துட்டு மூணு மாட்ட வாங்கிட்டு வந்திருக்கான்," என்றார் லாயிட். "சந்தைக்குப் போன என் மாமன்கூட இப்படி ஒரு வியாபாரம் பண்ணல."

"உன் மாமன் வாங்கின மாடு செத்துப்போச்சுன்னு சொன்னியே?" என்றார் ஒரெஸ்ட்.

"அதுக்கு முந்தி நல்லா உழுதுச்சுடா." லாயிட் கோப்பையை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பையன் எப்படி எடுத்துக்கிட்டான்? வழக்கம் போல நீதான சொன்ன?"

ஒரெஸ்ட் காப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காப்பி அது. "கடைல ஆள் காத்திருக்கு," என்று எழுந்து வந்துவிட்டார்.

மதியம் ஹார்மனிலிருந்து மூவரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கு வீடு கிடைத்தது. ஆறடி நாலங்குலத்துக்குக் கட்டில் உள்ள வீடு ஊரில் கொவால் வீடு ஒன்றுதான். மார்லீன் ஒன்றும் சொல்லாமல் விரிப்பு மாற்றினார்.

கோல்பிக்கு இடது புருவத்தில் தையல், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி. பேச்சு மட்டும் கோயிலுக்குள் பேசுவது போல. மாடிப்படித் திருப்பத்தில் உள்ள தாழ்வான உத்தரத்தில் இடிக்காமல் தானே குனிந்து இறங்கி வந்தான். சாயங்காலம் மிச்சமிருந்த முட்டைக்கோஸ் சுருள்களை மார்லீன் சூடாக்கி வைத்தார்.

"உத்தரம் இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஒரெஸ்ட்.

"ரீஸ் சொன்னான். வழியில போன் பண்ணிப் பேசினான். உத்தரத்துல தலை பத்திரம், சீட்டுல மார்லீன்கிட்ட ஜெயிக்காத, சூட்டடுப்பு உறுமினா பயப்படாதன்னான்." கோல்பி ஒரு சுருளை முழுசாக வாயில் போட்டு விழுங்கினான். "எங்க டக் காலைல பஸ் நிக்கிற இடத்துல, எல்லாரும் நிக்கும்போதே எங்க மூணு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கிளம்புங்கன்னுட்டாரு. ரீஸ்கிட்ட அதச் சொன்னேன். அவன், ஒரெஸ்ட் அப்படி இல்ல, எதுவா இருந்தாலும் முதல்ல உன்கிட்ட முகத்தப் பாத்துச் சொல்லிடுவாரு, கவலைப்படாதன்னான்."

மார்லீன் அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றார். ஆனால் அவர் கை அசையவில்லை.

ஒரெஸ்ட் முள்கரண்டியை வைத்தார். சும்மா இருந்திருக்கலாம். பையன் அவர் பெயரைக் காப்பாற்றி, துடைத்து, கையில் கொடுத்திருக்கிறான். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்போவதில்லை. 

"அது பொய்," என்றார்.

கோல்பி மெல்லுவதை நிறுத்தினான்.

"அவன்கிட்ட நான் சொல்லல. மத்தியானமே முடிச்சுட்டு, இதே மேசைல உக்கார வச்சுப் பன்னெண்டு வகை சாப்பாடு போட்டேன். அவன் கேட்டான். எப்பவும் போலத்தான்னு சொன்னேன். அவனுக்கு அப்பவே தெரியும். நான் சொல்லுவேன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு இருந்தான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னான்?"

"அவன் அப்படித்தான்," என்றார் மார்லீன், திரும்பாமலேயே.

கோல்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெரிய உடம்பு, ஆனால் அந்தக் கணத்தில் அவனும் பத்தொன்பது வயதுப் பையன்தான், தெரியாத வீட்டில், நேற்று வரை இன்னொருவன் உட்கார்ந்த நாற்காலியில்.

"என்ன மாத்தறதா இருந்தா?" என்று கேட்டான்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லுவேன்," என்றார் ஒரெஸ்ட்.

 கோல்பி தன் தட்டைப் பார்த்தான், ஒரெஸ்ட்டைப் பார்த்தான். இன்னொரு சுருளை எடுத்துக்கொண்டான்.